ஐப்பசி மூட்டத்தில் காகித முகமூடி காயுமா? பையனுக்கு ஆவுளியா (கடல்பசு) வேடம்

உச்சிப்புளிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். என் மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. கலாம் ஐயா, பாரதியார், அனுமார் என்று எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். வனத்துறையிலிருந்து பள்ளிக்கு வந்து ஆவுளியாவைப் பற்றிப் படம் காட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அவன் காதில் வேறு எதுவும் ஏறவில்லை.

உடம்புக்குச் சாம்பல் நிறத் துணியில் அங்கி தைத்து, வால் துடுப்பும் வைத்துவிடுவேன். முகம்தான் யோசனையாக இருக்கிறது. ராமநாதபுரம் கடைகளில் புலி, சிங்கம், ஸ்பைடர்மேன் என்று மெல்லிய பிளாஸ்டிக் முகமூடிதான் கிடைக்கிறது. காகிதத்தில் நானே செய்யலாம் என்று இருக்கிறேன். அச்சுக்கு எதை வைப்பது? பசை எது நல்லது? முக்கியமாக, இந்த ஐப்பசி மூட்டத்தில் அது காயுமா? துவைத்த துணியே இரண்டு நாள் ஈரமாகக் கிடக்கிறது. மேடையில் அவன் மூன்று நிமிடம் பேசவும் வேண்டும். கையில் மூன்று வாரம் இருக்கிறது.

தொண்டி ஓவிய வாத்தியார்:
காயும் அம்மா. ஆனால் பசையையும் அச்சையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள். பையன் எது வழியாகப் பார்க்கப் போகிறான்?

பள்ளி விழாக்களில் பல வருடமாகப் பார்க்கிறேன். விலங்கின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே ஓட்டை போட்டுவிடுவார்கள். குழந்தையின் கண் அதற்கு நேராக வராது. ஒரு கீற்று வெளிச்சத்தில் தடவித் தடவி நடந்து மேடைப் படியில் இடறும். ஆவுளியாவுக்கு இது இன்னும் சிக்கல். அதன் கண் மிகச் சிறியது, தலையின் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்கும். மூக்குத் துளை முகத்தின் மேல்பக்கம். மேலுதடு கனத்துத் தடித்து, கடலடியில் புல் மேய வாகாகக் கீழ்நோக்கி மடிந்திருக்கும். உதட்டில் முரட்டு முடி. இதை அப்படியே பையனின் முகத்துக்கு நேராகக் கவிழ்த்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் முகமூடியை நெற்றியிலிருந்து முன்னால் நீள்கிற மாதிரி வையுங்கள். ஆவுளியாவின் நெற்றி பையனின் உச்சந்தலைக்கு வரட்டும், தடித்த உதடு அவன் புருவத்துக்கு முன்னால் வந்து இறங்கட்டும். அந்த உதட்டுக்கு அடியில் இருக்கிற இடைவெளிதான் அவனுக்கு ஜன்னல். அங்கே கறுப்புக் கொசுவலையை ஒற்றை மடிப்பாகக் கட்டுங்கள். வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே இருட்டு. அதனால் பார்க்கிறவர்களுக்கு அது இருண்ட வாய் மாதிரி தெரியும், அவனுக்கோ அரங்கம் முழுக்கத் தெரியும். அவன் வாயும் தாடையும் திறந்தே இருக்கட்டும். அப்போதுதான் பேச்சு கேட்கும், மூச்சும் முட்டாது.

நூல் வைத்து அளவு எடுத்துக் கொள்ளுங்கள். தலைச் சுற்றளவு, ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை, புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை. மூன்று அளவு போதும். எல்லாவற்றிலும் ஒரு விரல் கூடுதலாக விடுங்கள், உள்ளே துணி வைக்க வேண்டியிருக்கும்.

சாயல்குடி தசரா செட்டு:
வாத்தியார் சொல்வதுதான் சரி. குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டு வேடம் கட்டுகிறவர்களைப் பாருங்கள். காளி வேடத்துக்கு முகமூடி கிடையாது. முகத்தில் வண்ணம், தலையில் கிரீடமும் சடைமுடியும், அவ்வளவுதான். அனுமார் கட்டுகிறவர் மூக்குக்குக் கீழே வாய்ப்பகுதி மட்டும் மாட்டுவார், கண் அவருடைய கண்ணாகவே இருக்கும். நாள் முழுக்க வெயிலில் ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டுமே, முழு முகத்தையும் மூடினால் தாங்க முடியுமா? கடைசி நாள் சூரசம்ஹாரத்தில் சிங்க முகம், எருமை முகம் என்று மாறி மாறி வருமே, அவை சப்பரத்தில் நிற்கிற சூரனுக்கு மாட்டுகிறவை. அதை மனுசன் மாட்டி நடப்பதோடு சேர்த்து யோசிக்கக் கூடாது.

எடையைப் பாருங்கள் அக்கா. முன்னால் நீள்கிற முகம் என்றால் கழுத்து முன்பக்கம் இழுக்கும். பின்மண்டையில் கொஞ்சம் கனம் வைத்தால்தான் சரியாக நிற்கும்.

கீழக்கரை வாசகர்:
லாத்தா, பேசாமல் ஃபைபரில் போட்டுவிடுங்களேன். பாம்பன், மண்டபம் பக்கம் வள்ளம் கட்டுகிற இடங்களில் பிசினும் கண்ணாடி நார் மேட்டும் மிச்சம் இருக்கும். மழையே பெய்தாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த வருசத்துக்கும் வரும். தெர்மாகோலைச் செதுக்கி அதன் மேல் போட்டால் முடிந்தது.

பாம்பன் ஃபைபர் வேலை:
காக்கா, நான் அந்த வேலையில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

தெர்மாகோல் மேல் பாலியஸ்டர் பிசினை நேராகத் தடவினால் தெர்மாகோல் உருகிக் குழியாகிவிடும். பிசினில் இருக்கிற ஸ்டைரின் அதைக் கரைக்கும். மேலே டேப் சுற்றி மறைத்துச் செய்யலாம்தான். ஆனால் அந்த ஸ்டைரின் வாடை உள்ளே பல நாள் நிற்கும், அதைப் போய்ப் பிள்ளையின் மூக்குக்கு முன்னால் மாட்டுவதா? கண்ணாடி நார் பிசிறு தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் இன்னும் மோசம். அதைவிட, பிசின் இறுகுவதற்குச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் தெரியாமல் நேருக்கு நேர் கலந்துவிட்டால் தீப்பிடித்து வெடிக்கும். பட்டறையில் முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். பிசினில் ஒன்றை முழுசாகக் கலக்கிய பிறகுதான் மற்றதை ஊற்ற வேண்டும். அடுப்படியில் செய்கிற காரியம் இல்லை இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வள்ளத்துக்கு அடித்து மிச்சமான பெயிண்ட் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும். சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க அடிப்பாகத்துக்கு அடிக்கிற பெயிண்டில் செம்பு இருக்கிறது. உயிர்களை அண்டவிடாமல் செய்யவே தயாரித்த பெயிண்ட் அது. முகத்தில் மாட்டுகிற எதிலும் அதை அடிக்காதீர்கள்.

உச்சிப்புளிக்காரி:
நல்ல வேளை சொன்னீர்கள் அண்ணே. மச்சான் வீட்டில் அப்படி ஒரு டப்பா இருக்கிறது, சாம்பல் நிறம்தான், அதைக் கேட்கலாம் என்று இருந்தேன். வேண்டாம். காகிதம்தான். பசை யாராவது சொல்லுங்கள்.

அச்சகத் தம்பி, ராமநாதபுரம்:
மைதாதான் அக்கா. ஒரு பங்கு மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு பங்கு தண்ணீர் சேர்த்து அடுப்பில் கிண்டுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடுங்கள். நாங்கள் நோட்டு பைண்டிங்குக்குப் பூச்சி வராமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவோம். உங்களுக்கும் அது உதவும், பூஞ்சணமே வராது.

தொண்டி ஓவிய வாத்தியார்:
தம்பி, பைண்டிங்குக்குச் சரி. சுவரொட்டிக்கும் சரி. குழந்தையின் முகத்துக்கு மயில்துத்தம் ஆகாது. அது விஷம். வியர்வை பட்டு ஊறி உதட்டில் இறங்கும், கண்ணில் எரியும். பூஞ்சணம் வராமல் இருக்க ஒரே நல்ல வழி, ஒவ்வொரு அடுக்கும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்ததை ஒட்டுவது. ஒரு நாளைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். ஐந்தாறு அடுக்கு இருந்தால் பையனுக்குப் போதும்.

காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழித்த ஓரம் மெலிந்திருக்கும், ஒன்றோடொன்று படியும். வெட்டிய ஓரம் வண்ணம் அடித்த பிறகும் கோடு கோடாகத் தெரியும். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராக நீளமாக வரும், மறுதிசையில் கோணல்மாணலாகப் போகும். நேராக வருகிற திசையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, முதல் அடுக்கை நெடுக்கில் ஒட்டினால் அடுத்ததைக் குறுக்கில் ஒட்டுங்கள். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்தது பழுப்புக் காகிதம் என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

திருப்புல்லாணி அப்பத்தா வீடு:
எங்கள் அப்பத்தா மைதாவைத் தொடமாட்டார். புளியங்கொட்டைப் பசைதான். கொட்டையை வறுத்து, மேல் தோலை உடைத்து எடுத்துவிட்டு, பருப்பை இரவு ஊறவைத்து, அரைத்துத் தண்ணீர்விட்டுக் காய்ச்சுவார். மைதாவைவிடப் பிடிப்பு அதிகம், காய்ந்தால் விறைப்பாக நிற்கும். கூழ் வேண்டும் என்றால் ஊறவைத்த காகிதத்தோடு ஊறிய வெந்தயத்தைச் சேர்த்து உரலில் ஆட்டுவார். அந்தக் கூழைத்தான் முறத்துக்கும் ஓலைப்பெட்டிக்கும் மெழுகுவது. எங்கள் வீட்டு முறம் ஒன்று அப்படி மெழுகியது, இன்றைக்கும் பூச்சி அரிக்காமல் இருக்கிறது. உதடு, கன்னம் என்று புடைப்பான இடங்களுக்கு வெந்தயக் கூழ் ரொம்ப நல்லது, மெழுகு மாதிரி வழவழப்பாகப் பிடிக்க வரும்.

தொண்டி ஓவிய வாத்தியார்:
அப்பத்தா சொன்ன கூழ் அருமையான பொருள். அதைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இந்த மாதத்தில் கூழ் தடிமனாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். புடைப்புகளுக்குச் சப்பாத்தி கனத்துக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே காகிதத்தைக் கசக்கி உருண்டையாக வைத்து நூலால் கட்டி, அதன் மேல் மெல்லிசாகக் கூழ் பூசினால் போதும்.

பசையில் மைதாவா புளியங்கொட்டையா என்றால், நான் இன்னும் மைதா பக்கம்தான். புளியங்கொட்டைப் பசை விறைப்பு அதிகம், மெல்லிய காகிதத்தை இழுத்துச் சுருக்கும். குழந்தை கையில் விழுந்து எழுந்து புழங்குகிற பொருளுக்கு லேசாக வளைந்து கொடுக்கிற பசை நல்லது.

திருப்புல்லாணி அப்பத்தா வீடு:
அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். தண்ணீர் அளவு தெரியாதவர்களுக்குத்தான் சுருக்கும் என்கிறார்.

மண்டபம் வாசகி:
ஒரு காணொளியில் பசையில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டால் பூஞ்சணம் பிடிக்காது என்று காட்டினார்கள். மயில்துத்தத்துக்குப் பதில் அதைச் செய்யலாமே? உப்புக்கு விஷம் இல்லையே.

வாலிநோக்கம் உப்பளம்:
வேண்டாம் தங்கச்சி. வறண்ட ஊர்க்காரர்கள் செய்தால் சரிவரும், கடற்கரையில் வராது. இங்கே அரசு உப்பு நிறுவனத்து உப்பளமும் தனியார் பாத்திகளும் பார்த்தே வளர்ந்தவன் நான். கல்லுப்பில் மக்னீசியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்புச் சாடி தானாகத் தண்ணீர் விடுவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பைப் பசையில் போட்டால் முகமூடி காயவே காயாது. காய்ந்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி பிசுபிசுக்கும், மேலே அடித்த வண்ணம் உப்புப் பூத்து உரியும். கடலுக்கு நேரே கதவு இருக்கிற வீட்டில் காயப் போடுவதே தப்பு. சாரல் காற்றில் வருகிற உப்பே போதும், காரியத்தைக் கெடுக்க.

தொண்டி ஓவிய வாத்தியார்:
மிகச் சரியான விளக்கம். இதுதான் நம் கரையில் முகமூடி செய்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காலையில் ஒட்டியது மாலையில் கலகலவென்று காய்ந்துவிடும். இப்போது கொண்டல் காற்று, ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அதனால் மின்விசிறிக்குக் கீழே, தரையில் வைக்காமல் கொடியில் தொங்கவிட்டு, உள்பக்கமும் வெளிப்பக்கமும் காற்றுப் படும்படி காய வையுங்கள். வெயில் வந்துவிட்டதே என்று சுள்ளென்ற வெயிலில் வைக்காதீர்கள், ஒரு பக்கம் வேகமாகக் காய்ந்து முகம் கோணும்.

சாயல்குடி ஓலை முடைகிறவள்:
இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், அச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. களிமண்ணில் அச்சு செய்தால் முதலில் களிமண் காய வேண்டும், அப்புறம் அதன் மேல் காகிதம் காய வேண்டும். அடிப்பக்கம் காற்றே போகாது. பலூன் வைத்தால் வெயிலில் ஊதும், இரவில் சுருங்கும், ஈரக் காகிதம் அதோடு சேர்ந்து மடங்கும்.

நான் சொல்வது பனை ஓலை. நம் மாவட்டத்தில் பனைக்கா பஞ்சம்? ஓலையை ஈர்க்கு நீக்கி வகிர்ந்து, தண்ணீரில் நனைத்துத் துணியில் சுற்றி வையுங்கள், பதமாகிவிடும். அதில் கொட்டான் முடைகிற மாதிரியே பையனின் தலைக்கு ஒரு குல்லா முடையுங்கள். முன்பக்கம் மட்டும் முடைசலை நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே போய்க் கீழே வளைத்தால் ஆவுளியாவின் உதடு வந்துவிடும். முடைசல் ஆனதால் காற்று ஊடே போகும், அதன் மேல் ஒட்டுகிற காகிதம் இரண்டு பக்கமும் காயும். அச்சை உருவி எடுக்கிற வேலையே இல்லை, ஓலை உள்ளேயே எலும்பாக இருந்துவிடும். இரண்டு மூன்று அடுக்குக் காகிதம் போதும். எடையும் குறையும்.

ஓலையின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். பிள்ளையின் நெற்றியிலும் காதிலும் படுகிற ஓரத்தை மடக்கிப் பொத்தி, பழைய பருத்திச் சேலைத் துணியால் சுற்றித் தைத்துவிடுங்கள். முடைய வராது என்றால் பக்கத்தில் பெட்டி முடைகிற யாரிடமாவது நூல் அளவைக் கொண்டு போய்க் கொடுங்கள். ஒரே உட்காரலில் முடைந்து தருவார்கள்.

தொண்டி ஓவிய வாத்தியார்:
அம்மா, இதைவிட நல்ல யோசனை இந்த இழையில் வராது. நான் களிமண் அச்சைச் சொல்லலாம் என்று இருந்தேன். மழைக்காலத்துக்கு ஓலைதான். ஒரே ஒரு கவனம். ஓலை நன்றாகக் காய்ந்து சுருங்கிய பிறகு காகிதத்தை ஒட்டுங்கள். ஈர ஓலைமேல் ஒட்டினால் ஓலை பின்னால் சுருங்கும்போது காகிதம் தளர்ந்து தொங்கும்.

உச்சிப்புளிக்காரி:
ஓலைக் குல்லா தயாராகிவிட்டது. என் பெரியம்மா பெட்டி முடைந்தவர்தான். முதலில் தயங்கினார், பிறகு பையனை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அவரே வளைத்து வளைத்துக் கொண்டுவந்தார். இரண்டு நாள் அடுப்புக்கு மேல் பரணில் வைத்தோம், விறைப்பாகிவிட்டது. இன்று முதல் அடுக்குக் காகிதம். பசை மைதா. (அப்பத்தா கோபித்துக்கொள்ள வேண்டாம், மூக்குக்கும் உதட்டுக்கும் வெந்தயக் கூழ்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.) காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையால் தொட்டால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

அச்சகத் தம்பி, ராமநாதபுரம்:
கன்னத்தில் வைத்துப் பாருங்கள் அக்கா. உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும், காய்ந்திருந்தால் குளிர்ச்சி தெரியாது. காகிதக் கட்டுக்கு நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். சந்தேகம் தீர வேண்டுமானால் சமையலறைத் தராசில் காலையும் மாலையும் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம். குறைவது நின்றால் வண்ணம் அடிக்கலாம். மயில்துத்தம் பற்றி வாத்தியார் சொன்னதை எங்கள் பட்டறையிலும் சொன்னேன். பசை கிண்டுகிறவர் இனிமேல் கையுறை போட்டுக்கொள்கிறேன் என்கிறார்.

தொண்டி ஓவிய வாத்தியார்:
தராசு யோசனையை நான் இனி எல்லாருக்கும் சொல்லப் போகிறேன்.

வண்ணத்துக்கு வருகிறேன். வீட்டில் பழைய எனாமல் டப்பா கிடந்தால் எடுக்காதீர்கள். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்குப் பயன்படுத்துகிற போஸ்டர் கலர் வியர்வையில் கரைந்து வழியும். துணிக்கு அடிக்கிற ஃபேப்ரிக் பெயிண்ட் ஃபேன்சி கடைகளில் கிடைக்கும். காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாது, வளைந்தாலும் வெடிக்காது. அதை வாங்குங்கள்.

கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்து சாம்பல் நிறம் எடுக்காதீர்கள். சிமெண்ட் சுவர் மாதிரி உயிரில்லாமல் இருக்கும். ஆவுளியாவின் தோல் பழுப்புக் கலந்த சாம்பல். கொஞ்சம் காவிப் பழுப்பைச் சேருங்கள், அடிப்பக்கம் உதட்டுக்குக் கீழே வெள்ளையைக் கூட்டி வெளிறவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உலர்ந்த தூரிகையில் வெளிறிய வண்ணத்தைத் தொட்டு முதுகுப்பக்கமாக லேசாக இழுத்தால், பழைய வடுக்கள் மாதிரிக் கோடுகள் விழும். பெரிய ஆவுளியாக்களின் முதுகில் அப்படி வடுக்கள் இருக்கும். கண்ணுக்குக் கறுப்புப் பொத்தான் போதும், பெரிய கண் வேண்டவே வேண்டாம். சினிமாப் பொம்மை மாதிரிப் பெரிய கண் வைத்தால் அது ஆவுளியா இல்லை.

பாம்பன் ஃபைபர் வேலை:
உதட்டு முடிக்குத் தங்கூசி (தூண்டில் நைலான் நரம்பு) வையுங்கள் தங்கச்சி. தடித்த தங்கூசியை விரல் நீளத்துக்கு வெட்டி, ஊசியால் ஓட்டை போட்டு உள்பக்கம் முடிச்சிட்டுப் பசை வைத்தால் முரட்டு முடி மாதிரியே நிற்கும். வெளிநுனியைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டினால் உருண்டையாகிவிடும், குத்தாது. பையன் பார்க்கிற இடைவெளிப் பக்கம் ஒன்றுகூட வைக்காதீர்கள், பக்கத்திலும் மேலேயும் மட்டும்.

கட்டுவதற்குத் தையல் கடை எலாஸ்டிக் வேண்டாம், காதுக்குப் பின்னால் அறுக்கும். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார் மாட்டுகிற நீர்க்கண்ணாடியின் ரப்பர் வார் பழையது கிடைக்கும். அகலமானது, கொக்கியில் இழுத்துத் தளர்த்தலாம். கண்ணாடி உடைந்தாலும் வார் நன்றாக இருக்கும்.

உச்சிப்புளிக்காரி:
வார் கிடைத்தது. பின்மண்டையில் கனம் வைக்கச் சொன்னார்களே, அங்கே ஓலைக்கும் துணிக்கும் நடுவில் கொஞ்சம் சோளத்தைச் சின்னப் பையில் கட்டி வைத்துத் தைத்தேன். இப்போது முன்னால் சாயவில்லை. இரண்டு பூச்சு வண்ணமும் முடிந்தது. நேற்று அவன் மாட்டிக்கொண்டு வாசல்படி ஏறி இறங்கினான், தெருமுனைக் கடைக்கும் போய் வந்தான். எதிரே வந்த சைக்கிளைப் பார்த்து ஒதுங்கினான். கொசுவலை வழியாக நன்றாகத் தெரிகிறதாம்.

பேச்சுக்கு யாராவது உதவுங்களேன். ஆவுளியாவே பேசுகிற மாதிரி எழுத வேண்டும். டீச்சர் சொன்ன ஒரே நிபந்தனை, சொல்வது எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்.

மண்டபம் வாசகி:
இதை நான் செய்கிறேன். மூன்று நிமிடத்துக்கு நாலைந்து செய்தி போதும், அதற்கு மேல் வைத்தால் ஒப்பிப்பது மாதிரி ஆகிவிடும்.

"நான் மீன் இல்லை. உங்களை மாதிரி மூச்சு விடுவேன், சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூக்கைத் திறப்பேன். குட்டிக்குப் பால் கொடுப்பேன். வயிற்றில் ஒரு வருடத்துக்கும் மேலே சுமந்து ஒரே ஒரு குட்டி போடுவேன், அடுத்த குட்டிக்குச் சில வருடம் ஆகும். மூன்று மீட்டர் வரை வளர்வேன். என் சாப்பாடு கடல்புல். அது இல்லாத கடலில் நான் இருக்க முடியாது." இதுவரை மூச்சுவிட்டு மெதுவாகச் சொல்லட்டும்.

அப்புறம் நம் ஊர்ச் செய்தி. "மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் எங்களுக்கென்று ஒதுக்கினார்கள். என்னைப் பிடிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். உங்கள் அப்பாவின் வலையில் நான் தவறிச் சிக்கினால், மூச்சு முட்டுவதற்குள் வலையை அறுத்து விட்டுவிடச் சொல்லுங்கள்." கடைசி வரியை அவன் அவையில் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்கிற பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாமார் கடலுக்குப் போகிறவர்கள்தானே.

சாயல்குடி ஓலை முடைகிறவள்:
படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கடைசி வரியை மாற்றவே மாற்றாதீர்கள்.

உச்சிப்புளிக்காரி:
மாற்ற மாட்டேன் அக்கா. இப்போதே மனப்பாடம் செய்துவிட்டான். அவன் அப்பாவிடம் சொல்லிக் காட்டினான். அவர் வலை அறுபடுவதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, சரிடா என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒரு வலையின் விலை என்ன என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. போட்டி முடிந்த பிறகு இதை எப்படிப் பாதுகாப்பது? மார்கழி வரைக்கும் ஈரக்காற்றுதானே.

திருப்புல்லாணி அப்பத்தா வீடு:
பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி அடுப்படிப் பரணில் தொங்கவிடுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், மறுபடி முகத்தில் மாட்டுகிற பொருள். காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் போதும் என்கிறார் அப்பத்தா. தை பிறந்ததும் ஒரு தடவை நிழலில் காற்றாட வையுங்கள்.

தங்கச்சிமடம் இளைஞர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு எங்களுக்கு ஒரு கழுதை முகம் வேண்டும். மாட்டப் போகிறவன் கல்லூரிப் பையன், பேச்சு கிடையாது, மேடையில் இரண்டு தடவை நடந்து போனால் போதும். இதே ஓலை முறையில் நீள முகம் நிற்குமா?

சாயல்குடி ஓலை முடைகிறவள்:
நிற்கும் தம்பி. ஆனால் ஒரே முடைசலாக நீட்டாதீர்கள், தொங்கிவிடும். குல்லா தனி, மூஞ்சி தனி. மூஞ்சியை நீளமான பெட்டி மாதிரி முடைந்து, குல்லாவின் முன்பக்கம் ஊசி நூலால் இறுக்கித் தையுங்கள். மூஞ்சியின் அடியில் பனை ஈர்க்கு இரண்டை நெடுக்கக் கட்டி அணைப்புக் கொடுங்கள். காதுக்கு முற்றின ஓலையே போதும், மேலே காகிதம் ஒட்டத் தேவையில்லை, நடக்கும்போது ஆடும். பிடரி மயிருக்குப் பனைமரத்துப் பன்னாடையைக் கிழித்துத் தொங்கவிடுங்கள், நிறமும் சரியாக இருக்கும்.

தொண்டி ஓவிய வாத்தியார்:
பார்க்கிற இடம் கழுத்துப் பக்கம் வரட்டும். கழுதையின் கழுத்துத் துணியில் கறுப்பு வலை வைத்தால், நிமிர்ந்து நடக்கும்போதே முன்னால் தெரியும். டிசம்பரில் மழை இன்னும் இருக்கும், அதனால் நவம்பர் முடிவதற்குள் முடைசலை முடித்துவிடுங்கள்.

தங்கச்சிமடம் இளைஞர்:
நன்றி சார், நன்றி அக்கா. ஓலை எங்கே கிடைக்கும்?

சாயல்குடி ஓலை முடைகிறவள்:
இங்கிருந்து பேருந்தில் கட்டி அனுப்புகிறேன். தலை அளவை மட்டும் தனிச் செய்தியில் போடுங்கள்.